வந்தியின் பங்கு

செய்தவர்தான் அனுபவிக்க வேண்டும் என்ற வாக்கு எங்கள் வீட்டில் நாள்தோறும் புழங்கியது. யாருக்கு எந்தத் துன்பம் வந்தாலும் அம்மா அந்த ஒரு வரியில் பேச்சை முடித்துவிடுவார். அந்த வாக்கில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் கட்டடப் பொறியாளராகி ஓடைகளையும் வரத்துக் கால்வாய்களையும் ஒட்டி வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு, அதோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது. ஓடையில் செய்தவர் மேலே இருக்கிறார், அனுபவிப்பவர் கீழே இருக்கிறார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மேலே செய்த வினையின் பலன் கீழே உள்ளவரின் வயலில் போய் இறங்குகிறது. அப்படியானால் வினை வாசல் மாறிப் போய்விட்டதா? போய்விட்டதென்றால் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியவர் யார்?

அழகர்மலைப் பக்கமிருந்து இறங்கி வரும் ஓர் ஓடையின் கரையில் நடந்ததை வைத்தே இதைச் சொல்கிறேன். ஆண்டில் பெரும்பகுதி அந்த ஓடை வறண்டுதான் கிடக்கும். ஐப்பசியில் மலையில் மழை பிடித்துக்கொண்டால் செம்மண் நிறத்தில் பெருகி வந்து, கீழேயுள்ள கண்மாயில் சேரும். ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், வெளிவளைவை ஒட்டிய மேட்டில், ஒரு குடியிருப்பு வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணைக் கரையின் விளிம்பிலேயே குவித்திருந்தார்கள். டிப்பர் திரும்ப இடம் வேண்டும் என்று, கரையில் நின்ற நொச்சியையும் தாழையையும் நாணலையும் ஜேசிபியால் வழித்துவிட்டிருந்தார்கள். வளாகத்தின் மழைநீர் வடிய ஒரு குழாயைப் பதித்து, அதன் வாயைக் கரையின் தலைப்பிலேயே திறந்துவிட்டிருந்தார்கள். யாரையும் கெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்தவை அல்ல இவை. வேலை சீக்கிரம் நடக்க வேண்டும், செலவு குறைய வேண்டும், அவ்வளவுதான்.

மழை வந்தது. ஓடும் நீர் வளைவில் எப்போதும் வெளிக்கரையைத்தான் வேகமாக மோதும். உள்வளைவில் வேகம் குறைந்து மணலைப் படியவிடும். வேர்ப்பிடி இல்லாத வெளிக்கரையின் அடியை வெள்ளம் குடைந்தது. மேலிருந்து குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிப் பள்ளம் பறித்தது. விளிம்பில் குவித்த மண் கரையின் தலையில் பாரமாக உட்கார்ந்திருந்தது. இத்தனைக்கும் வெள்ளம் நிறைந்து ஓடிய இரவில் கரை நின்றது. மறுநாள் நீர் வடிந்தபோதுதான் விழுந்தது. வெள்ளம் இருக்கும்வரை ஓடை நீரின் அழுத்தம் வெளியிலிருந்து கரையைத் தாங்கிப் பிடித்திருக்கும். நீர் சட்டென்று வடிந்ததும் அந்தத் தாங்கல் போய்விடும். மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் மட்டும் உள்ளிருந்து தள்ளும். அடி ஏற்கெனவே குடைந்து போயிருந்தால், கரை முழுதாகச் சரிந்துவிடும். அப்படித்தான் சரிந்தது. அதைச் சீர்செய்யத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

சரிந்த மண் எங்கே போயிற்று என்று பார்க்க ஓடை வழியே கீழே நடந்து போனேன். கரையைக் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். கண்மாய்க்குப் போகும் முன் ஓடை ஒரு திருப்பத்தில் அகலும். அந்த இடத்தில் வெள்ளம் கரை வழிந்து ஒரு சின்ன வயலுக்குள் ஏறியிருந்தது. நாற்றங்கால் முழுக்க எங்கள் செம்மண். அதற்குள் அங்கங்கே உடைந்த செங்கல் துண்டு, சிமெண்ட் சாக்கு. வயதான ஓர் அப்பத்தா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கையால் மண்ணை விலக்கி நாற்றின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“மேல கட்டடம் கட்டுறாங்களே, அங்கேயிருந்துதான் இந்த மண்ணு வந்திருக்கு அப்பத்தா” என்றேன்.

“யாரச் சொல்லி என்ன தாயி ஆகப்போகுது” என்றார். “எந்தப் பிறப்புல என்ன செஞ்சேனோ. இந்த வயசுல மண்ண வாரிக்கிட்டுக் கெடக்கேன்.”

வளாகத்தின் உரிமையாளர் கெட்டவர் இல்லை. பக்தி உள்ளவர், கோயில் காரியம் என்றால் கேட்காமலே கொடுப்பவர். கரை சரிந்ததை அவர் அபசகுனமாக எடுத்துக்கொண்டார். ஜோசியரைப் பார்த்தார், ஹோமம் வளர்த்தார், ஒரு நாள் அன்னதானம் போட்டார். கீழே ஒரு நாற்றங்கால் போய்விட்டது என்று நான் சொன்னபோது அவர் முகம் உண்மையாகவே வாடியது. “பரிகாரம் பண்ணியாச்சேம்மா” என்றார். மனதறிந்துதான் சொன்னார். அப்பத்தா தன் முன்வினை என்றார்; இவர் தன் வினையைத் தீர்த்துவிட்டதாகச் சொன்னார். இரண்டும் சமய மொழிதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே நாற்றங்காலில் மண் அப்படியே கிடந்தது. அந்த மண்ணைப் பற்றி நம் சமயம் உண்மையில் என்ன சொல்கிறது என்று அன்றைக்குத்தான் தீவிரமாக யோசித்தேன்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கும். பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று அளந்து வந்தது பிராரத்தம். இப்போது நாம் புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். அப்பத்தா சொன்னது பிராரத்தம். அப்படி இருக்கலாம், இல்லை என்று சொல்ல எனக்கு எந்த அறிவும் இல்லை. ஆனால் மேட்டில் நடந்தது என்ன? அது ஆகாமியம். என் கண்ணெதிரே நடந்த, குழாயும் ஜேசிபியும் சாட்சியாக நின்ற ஆகாமியம். ஒருவரின் பிராரத்தத்தைச் சொல்லி இன்னொருவரின் ஆகாமியத்தை மூடுவதற்குச் சித்தாந்தத்தில் இடம் இருப்பதாக நான் படித்த வரையில் தெரியவில்லை.

இதில் இன்னும் ஆழமான ஓர் இடம் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் வகுத்த சிவஞான போதத்தின் அடிப்படைகளில் ஒன்று, வினை அறிவற்றது, சடம் என்பது. சமணர்கள் வினையை உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருளாகக் கொண்டார்கள். பலன் கொடுக்க அதற்குக் கடவுள் தேவையில்லை என்றார்கள். சைவர்கள் அதை மறுத்தார்கள். அறிவற்ற ஒன்று, தன்னைச் செய்தவர் யார் என்று எப்படித் தெரிந்துகொண்டு அவரைத் தேடிப் போகும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் அவர்களுடைய விடை பிறந்தது: வினையையும் வினை செய்தவரையும் அறிந்த இறைவனே பலனைக் கூட்டுவிக்கிறான். நான் போன சித்தாந்த வகுப்பில் ஐயா இதை எளிதாகச் சொல்வார்: ஆள் வயலில் உழுதுவிட்டார் என்பதற்காகக் கூலி தானாக நடந்து அவர் வீட்டுக்கு வராது, அளந்து கொடுக்க ஒருவர் வேண்டும்.

வினைக்கு வீடு திரும்பும் வழி தெரியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சரிந்த மண்ணுக்குத் தாழ்வான இடம் மட்டும்தான் தெரியும். கீழே இருப்பது யார் வயல், அவர் நல்லவரா, ஏழையா, தனியாளா என்று பார்த்து அது போகவில்லை. ஓடையில் கீழே வந்து சேரும் துன்பத்தைக் கீழே உள்ளவரின் தகுதி என்று எடுத்துக்கொள்வது, மண்ணுக்கு அறிவு இருப்பதாக நினைப்பது. அறிவு இருப்பது நமக்கு. குழாயின் வாயை எங்கே திறக்கிறோம் என்று தெரிந்தே திறந்தவர்கள் நாம். யாருக்கு எந்தப் பலன் என்று கடைசிக் கணக்கைப் பார்ப்பது இறைவன் வேலை. அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் நம் கையிலிருந்து புறப்பட்டு இன்னொருவர் வாசலில் கிடப்பதை நாமே போய்த் தூக்கிவர வேண்டும். அது இறைவன் மேல் தள்ளிவிடக்கூடிய வேலை இல்லை.

பரிகாரம் செய்தாயிற்று என்ற பேச்சுக்கும் நம் மரபில் ஒரு பழைய மறுமொழி உண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்தில், திருவாரூரின் சிறப்பைச் சொல்லும்போது மனுநீதிச் சோழன் கதையைச் சொல்கிறார். இளவரசனின் தேர்க்காலில் ஒரு பசுங்கன்று விழுந்து இறக்கிறது. அவன் வேண்டுமென்று ஏற்றவில்லை; கன்றுதான் துள்ளி வந்து குறுக்கே விழுந்தது. அமைச்சர்கள் அரசனுக்கு வழி சொல்கிறார்கள்: மறையவர்கள் விதித்த கழுவாயை இளவரசன் செய்துவிடட்டும், அதுவே முறை. அரசன் ஏற்கவில்லை. கன்றை இழந்து அலறும் தாய்ப்பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்று கேட்கிறான்.

அந்தக் கதையின் தண்டனை கடுமையானது. மகன் மேல் தேரை ஓட்டுவதை இன்று யாரும் நீதி என்று சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் கேள்வியின் நேர்மைக்குக் காலம் கிடையாது. கழுவாய் செய்தவரின் மனதுக்கு ஆறுதல் தரலாம். அவரை அடக்கவும் திருத்தவும் செய்யலாம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது பசுவின் பக்கத்தில் எதையும் மாற்றுவதில்லை. ஹோமப் புகை எவ்வளவு உயரம் போனாலும் நாற்றங்காலில் ஒரு சட்டி மண்ணைக்கூட அது அள்ளவில்லை. பாதிக்கப்பட்டவர் இருக்கும் இடம் வரை போகாத பரிகாரம் பாதிப் பரிகாரம். உரிமையாளரிடம் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என்ன செய்யணும், வரிசையாச் சொல்லும்மா” என்றார்.

வரிசை முக்கியம். கரை வேலையில் முதலில் செய்யக்கூடாதது கரையில் கை வைப்பது. எது கெடுத்ததோ அதை நிறுத்தாமல் கரையைக் கட்டினால் அடுத்த மழை கட்டியதையும் கொண்டுபோகும். ஆகவே விளிம்பில் குவித்த மண்ணை முதலில் அகற்றினோம். குழாயின் நீரை ஒரு படிவுக் குழிக்குத் திருப்பி, வண்டல் தங்கிய பிறகு தெளிந்த நீர் மட்டும் ஓடைப் படுகை மட்டத்தில், கல் பாவிய தளத்தின் மேல் இறங்கும்படி செய்தோம். மழை முடியும்வரை மணல் மூட்டை அடுக்கி அடியைக் காப்பாற்றினோம். நிலையான வேலையைத் தை பிறந்து ஓடை வற்றியதும் தொடங்கினோம். ஓடைப் புறம்போக்கில் கை வைக்க நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும். அதையும் அதற்குள் வாங்கினார்கள்.

எப்படிக் கட்டுவது என்பதில்தான் பெரிய விவாதம் வந்தது. மேஸ்திரி, “சுவர் ஒண்ணு எழுப்பிருவோம் மேடம். பேரன் காலம் வரைக்கும் கவலை இல்லை” என்றார். உரிமையாளருக்கும் அதுதான் பிடித்திருந்தது. கான்கிரீட் சுவர் பார்க்க உறுதியாக இருக்கும், இடமும் மிச்சமாகும். சுவர் தவிர வேறு வழியே இல்லாத இடங்களும் உண்டு. ஆனால் இங்கே என்ன நடக்கும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினேன். வழவழப்பான சுவரை ஒட்டி ஓடும் நீர் வேகம் குறையாமல் போகும். சுவரின் அடியில் படுகையைப் பறிக்கும். சுவர் முடியும் இடத்தில் சேர்த்து வைத்த வேகத்தோடு திரும்பும். அங்கே எதிர்க்கரையில் இன்னொருவருடைய வாழைத்தோட்டம் இருந்தது. எங்கள் கரை நிற்கும், அவர் கரை போகும். எங்கள் இழப்பை அவர் நிலத்துக்கு மாற்றி எழுதிக் கொடுப்பதுதான் அந்தச் சுவரின் வேலையாக இருந்திருக்கும். தன் துன்பத்தை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டுக் கிடைக்கும் பாதுகாப்பைச் சீரமைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே சுவர் வேண்டாம் என்று முடிவாயிற்று. சரிந்த கரையைச் செங்குத்தாக விடாமல், ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி படுக்கை என்று சாய்த்தோம். வளாகத்தின் நிலத்தில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்தால்தான் அந்தச் சாய்வு கிடைக்கும்; உரிமையாளர் விட்டுக்கொடுத்தார். கரையின் அடியில், வெள்ளம் பறிக்கக்கூடிய ஆழத்துக்கும் கீழே குழி எடுத்து, பெரிய கருங்கற்களைப் புதைத்தோம். மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே நீரை விட்டு மண்ணை நிறுத்தும் வடிதுணி. கல்வரிசையின் இரு முனைகளையும் கரைக்குள் ஆழமாகச் செருகிக் கட்டினோம். இல்லையென்றால் வெள்ளம் பின்பக்கமாகப் புகுந்து மொத்தத்தையும் தனியாக்கிவிடும். இந்த வேலையில் பெரும்பகுதி முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. கரையைத் தாங்குவதோ அந்தத் தெரியாத பகுதிதான்.

சாய்வின் மேல் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த தென்னைநார் வலையை விரித்து முளையடித்தோம். வலையின் கண்களில் வெட்டிவேர் நாற்று, நடுவே நொச்சிக் குச்சி, நீர் தொடும் வரிசையில் நாணல், மேல் விளிம்பில் புங்கையும் நீர்மருதும். வெட்டிவேர் பக்கவாட்டில் படராமல் நேர்கீழே இறங்கும். நன்றாகப் பிடித்தால் மூன்று மீட்டர் ஆழம்கூடப் போகும். தென்னைநார் சில ஆண்டுகளில் மக்கிவிடும். மக்க வேண்டும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுப்பது. வேர் பிடிக்கும்வரை அது மண்ணைப் பிடிக்கும்; பிடித்தபின் விலகிக்கொள்ளும். முதல் கோடையில் இந்தக் கரைக்கு லாரித் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், முதல் மழைக்காலத்தில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் போய்ப் பார்க்க வேண்டும், செத்த நாற்றை மாற்ற வேண்டும், ஆடு மாடு ஏறாமல் வேலி வைக்க வேண்டும். பணம் கொடுத்துக் கை கழுவ முடியாத வேலை இது. அதனாலேயே இது பரிகாரம் என்று சொல்லத் தகுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலை நடந்த நாட்களில் திருவிளையாடலில் வரும் மண் சுமந்த கதை என் மனதை விட்டுப் போகவில்லை. மதுரைக்காரர்களுக்கு அது புத்தகக் கதை மட்டுமில்லை. ஆவணி மூலத்தன்று ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் சொக்கநாதர் எழுந்தருள்வதும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவதும் வருடாவருடம் நாங்கள் பார்ப்பது. பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில் அது 61-ஆவது. சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் கரையோரம் நின்று யோசித்தபோது அதுவரை கவனிக்காத ஒன்று தெரிந்தது.

அரிமர்த்தன பாண்டியன் வாதவூரரான மாணிக்கவாசகரை வைகை மணலில் நிறுத்தித் தண்டிக்கிறான். வைகை பெருகிவிடுகிறது. வெள்ளத்துக்குக் காரணம் அரசனின் செயல். ஆனால் கரையை அடைக்க அவன் போட்ட ஆணை என்ன? நகரத்தில் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு பங்கு. பிட்டு விற்று வயிறு வளர்க்கும் வந்திக் கிழவிக்கும் அளந்து ஒரு பங்கு. ஆள் பலம் உள்ள வீட்டுக்கும் துணையே இல்லாத கிழவிக்கும் ஒரே ஆணை. தவறு அரண்மனையில், கூடை வந்தியின் தலையில். என் அப்பத்தாவின் வயலும் இதே கணக்கில்தான் மூழ்கியது.

இறைவன் அந்த இடத்தில் என்ன செய்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நீ முற்பிறப்பில் செய்தது இது என்று வந்தியிடம் அவன் சொல்லவில்லை. வெள்ளத்தை ஒரு சொல்லால் வற்றச் செய்யவும் இல்லை. கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி, அவள் பங்குக்கான மண்ணை எடுத்துக்கொண்டான். எல்லாம் வல்ல ஒருவன் கரை உடைந்த ஊரில் தன் இடமாகத் தேர்ந்தெடுத்தது மண் சுமப்பவர்களின் வரிசை. எங்கள் தளத்தில் இரும்புச் சட்டியில் மண் சுமந்த சித்தாள் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்தது. எந்தத் தவறும் செய்யாத அவர்கள்தான் வெயிலில் தவற்றைச் சுமந்தார்கள். அவர்களுக்குக் குறையில்லாத கூலியும் குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க நிழலும் கொடுப்பது இரக்கத்தில் சேராது. அந்தக் கதையை நம்புகிறவருக்கு அது வழிபாட்டில் சேரும்.

பொறியாளருக்கு அந்தக் கதையில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஊரார் எல்லோரும் தங்கள் பங்கை அடைத்துவிட்டார்கள். கூலியாளாக வந்தவன் வேலையை முடிக்காததால் வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. அதனால் கரை முழுவதும் நிலைக்கவில்லை. இதைவிடச் சரியாக ஒரு கரையை யாரும் விளக்க முடியாது. நூறு பங்கில் தொண்ணூற்றொன்பது உறுதியாக இருந்தாலும் வெள்ளம் நூறாவது வழியே வரும். பலவீனமானவரின் பங்கு அவருடைய தனிக் கவலை என்று நினைப்பவர்களின் வீடும் அந்த இடைவெளி வழியாகத்தான் மூழ்கும். அதற்காக அந்தக் கூலியாளை அரசன் அடித்த பிரம்படி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் அமைச்சர் முதுகிலும் எல்லா உயிர்களின் மேலும் விழுந்தது என்று கதை சொல்வதை, சின்ன வயதில் அதிசயமாகக் கேட்டேன். இன்று அது ஓடைகளைப் பற்றிய நேரான உண்மையாகவே படுகிறது. வளைவில் ஓரிடத்தில் விழுந்த அடி, நாற்றங்காலிலும் கண்மாயின் வண்டலிலும் மடையின் அடைப்பிலும் வலித்தது. கண்மாயில் வண்டல் ஏறினால் கொள்ளளவு குறையும். கொள்ளளவு குறைந்தால் ஆயக்கட்டின் கடைசி வயல் காயும். அந்த வயல்காரருக்கு எங்கள் வளாகத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ஏரிக்கும் மடைக்கும் கொடை கொடுத்தவர்கள் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் முடிவுரை திரும்பத் திரும்ப ஒரே பொருளில் வரும். இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் தன் தலைமேல் இருக்கும் என்று கொடையாளர் சொல்வார். இதற்குக் கேடு செய்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்றும் சொல்வார். கட்டியவரைவிடக் காப்பவரை உயர்த்தி, முகம் தெரியாத எதிர்காலத்தவரின் காலைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும் அந்தப் பணிவு எனக்கு எந்தச் சாத்திர நூலுக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. கரை வேலையை ஊர்ப்பொதுவாகச் செய்த குடிமராமத்து அந்த உணர்விலிருந்து வளர்ந்தது. பிரிட்டிஷ் அரசு 1858-இல் சென்னை மாகாணத்தில், கரை உடைப்பைத் தடுக்க மக்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்று சட்டமே போட்டது. விருப்பமாக இருந்த கடமையை ஆணையாக்கும் தேவை வந்ததே, அந்த உணர்வு தளர்ந்ததற்கு அடையாளம். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரைத் திட்டமாக மீண்டும் கொண்டுவந்தது. பெயரும் பணமும் அரசு கொடுக்கலாம். கீழே இருப்பவர் நம்மவர் என்ற எண்ணத்தை அரசு கொடுக்க முடியாது.

ஒரு தடை எழுப்பலாம். சரிசெய்வதால் நடந்தது நடக்காததாகிவிடுமா? ஆகாது. கரை பழைய கரையாகாது. வழித்தெறிந்த தாழம்புதரின் வயதை நாங்கள் நட்ட நாற்று எட்டப் பல ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டின் நாற்று போனது போனதுதான்; ஒரு போகமே விளையும் கண்மாய் நிலத்தில் அது ஓர் ஆண்டுச் சாப்பாடு. உரிமையாளர் ஆள் வைத்து வயலில் இருந்த மண்ணை அள்ளிக் கொடுத்தார். விதைக்கும் உழவுக்கும் விளையாமல் போனதற்கும் பணம் கொடுத்தார். அப்பத்தா அதை வாங்கிக்கொண்டார். ஆனால் பேரனுக்குக் கட்ட வேண்டிய பள்ளிக்கூடப் பணத்துக்கு அதற்குள் வட்டிக்கு வாங்கியிருந்தார். அந்தக் கவலையில் கழிந்த இரவுகளை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

நடந்ததை அழிக்க முடியாது என்பதால் சரிசெய்வது வீண் என்று ஆகிவிடாது. அழிக்க முடியாது என்பதால்தான் அது கடமையாகிறது. அழித்துவிட முடியுமென்றால் ஒரு நாள் வேலையோடு விடுதலை கிடைத்துவிடும். முடியாது என்பதால் வருடாவருடம் மழைக்கு முன் போய்க் கரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, கீழே போய் வயலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கெடுத்ததன் விளைவாகவே இரு வாசல்களுக்கும் நடுவில் ஓர் உறவு உண்டாகிவிட்டது. அதை ஒழுங்காக நடத்துவது கெடுத்தவரின் பொறுப்பு. செய்தவர் அனுபவிக்க வேண்டும் என்ற வாக்கை நான் இப்போது இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: துன்பப்படுபவரைப் பார்த்துச் சொல்லும் வாக்கு அது இல்லை. செய்தவர் தன்னைப் பார்த்துத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. இன்னொருவரின் கண்ணீருக்கு விளக்கமாக அதைச் சொன்னால் அது கொடுமையாகிவிடும். தன் கையில் மண்வெட்டியை எடுக்க வைத்தால் அது அறம்.

ஓடைக்கரையில், வாய்க்கால் ஓரத்தில், கண்மாய் வரத்துக் கால்வாயை ஒட்டி வீடோ பள்ளியோ தொழிற்கூடமோ கட்டப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பூமி பூஜைக்கு நாள் பாருங்கள்; அதில் குறையில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு காலையில் உங்கள் நிலத்திலிருந்து தண்ணீர் போகும் வழியே கீழே நடந்து போங்கள். முதலில் வரும் வயல் யாருடையது என்று கேளுங்கள். அவரிடம் உங்கள் பெயரைச் சொல்லி, மழைக்காலத்தில் ஏதாவது வந்து சேர்ந்தால் சொல்லியனுப்பச் சொல்லுங்கள். கரையில் நிற்கும் செடியை வெட்டாதீர்கள், தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்காதீர்கள், குழாயின் வாயைக் கரைமேல் திறக்காதீர்கள். இவ்வளவு செய்தும் மண் போய்விட்டால், கோயிலுக்குப் போகும் முன் அந்த வயலுக்குப் போங்கள். அந்த மண் உங்கள் பங்கு; அதை நீங்களே சுமக்க வேண்டும்.